கோல் பிடிப்பவர் சொன்னால்தான் தெரியும்: டர்பனில் நில அளவைக் குழுவை மேற்பார்ப்பது பற்றி

கேட்டவர் மெரபேங்க் பக்கத்துத் தம்பி. டர்பன் வட்டாரத்தில் ஒரு நகராட்சியின் நில அளவைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தவர். இப்போது அதே பிரிவில் களக் குழுவுக்கு மேற்பார்வையாளராகியிருக்கிறார். குழுவில் நாலு பேர். அதில் இரண்டு பேர் இவர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்களை எப்படி வேலை வாங்குவது, அளவு சரியாக வர நான் எதைப் பார்க்க வேண்டும், தினமும் அவசரப்படுத்தும் இன்ஜினியர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு சின்னக் கேள்வி: பக்கியை (குழு போகும் பிக்கப் வண்டியை) யார் ஓட்டுவது?

தம்பி, முதல் மூன்றும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. நீங்கள் கருவிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். எண்பது மீட்டர் தள்ளி ஒருவர், கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசம் பொருத்திய கோலைப் பிடித்து நிற்கிறார். அவர் காலடியில் நடப்பது உங்களுக்குத் தெரியாது. கோல் முனை சேற்றில் இறங்கிவிட்டது, முக்காலியில் கால் இடறிவிட்டது, காட்டச் சொன்ன பெக் (மண்ணில் அடித்த குறி) ஆடுகிறது. இதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை அவர் உங்களிடம் சொல்வாரா மாட்டாரா? சொல்கிற குழுவை வைத்திருந்தால் அளவு சரியாக வரும், இன்ஜினியருக்கும் தைரியமாகப் பதில் சொல்லலாம். சொல்லாத குழுவாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கருவி வாங்கிக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

அதனால் அந்தப் பெரியவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், ஸுலுவில் அப்பாவைச் சொல்வதுபோல ‘பாபா’ என்றே சொல்லுங்கள். நேற்று வரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பீர்கள். பதவி வந்த மறுநாள் அது மாறினால் அன்றைக்கே கதை முடிந்தது. ஃபனகலோவில் பேச வேண்டாம். கரும்புத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் உத்தரவு போடவே புழங்கிய பேச்சு அது, வயதானவர் காதில் இன்னும் அப்படித்தான் விழும். உங்கள் ஸுலு அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, அதையே பேசுங்கள். சிரிப்பார்கள், திருத்துவார்கள். உங்களைத் திருத்திப் பழகியவர் அளவையும் திருத்துவார். தோட்டத்தில் சர்தார் (கங்காணி) நம் ஆட்களை எப்படி விரட்டினார் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சர்தாரின் குரல் நம் வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அடுத்து, ஒரு நாள் இடத்தை மாற்றிப் பாருங்கள். மூத்தவரை டோட்டல் ஸ்டேஷனுக்கு (கோணமும் தூரமும் அளக்கும் கருவிக்கு)ப் பின்னால் நிறுத்திவிட்டு நீங்கள் கோலை எடுத்துக்கொண்டு போங்கள். நடைபாதை ஓரக் கல்லின் மேல் கோலை வைத்து, அதிலுள்ள மட்டக் குமிழைச் சரியாக நிறுத்தி ஒரு அளவு. அதே புள்ளியில் கோலைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு அளவு. 2 மீட்டர் உயரக் கோல் ஒரே ஒரு பாகை சாய்ந்தால் பிரிசம் 35 மில்லிமீட்டர் விலகிப் போகும். நீங்கள் சொல்லி அவர் கேட்பதைவிட, திரையில் எண் மாறுவதை அவரே பார்ப்பது மேல். பல வருஷம் கோல் பிடித்த பலருக்கு அந்தத் திரையை யாருமே காட்டியிருக்க மாட்டார்கள். குமிழே பழுதாக இருந்தால்? கோலை ஊன்றி, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, கோலை அரை வட்டம் திருப்பச் சொல்லுங்கள். குமிழ் நடுவிலேயே நின்றால் சரி, ஓடினால் கோல் பட்டறைக்கு. இதைத் திங்கட்கிழமைதோறும் பார்ப்பது அவர் வேலை என்று அவரிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் மறுபடி சோதிக்க வேண்டாம், சோதித்தால் விட்டதாக ஆகாது.

முக்காலி விஷயம் இன்னும் முக்கியம். ஒருவர் வந்து “முக்காலிக் காலில் இடறிவிட்டேன்” என்று சொன்னால் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைக் குழு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். “சரி பாபா, நல்ல வேளை சொன்னீங்க” என்றுவிட்டுப் பின்நோக்குப் புள்ளியை (முதலில் திசை பொருத்திய புள்ளியை) மறுபடி பார்த்து, நிலையைச் சரிசெய்து தொடர்ந்தால் ஐந்து நிமிஷம் போகும். முகம் சுளித்தால் அடுத்த முறை அவர் காலைத் தள்ளி நேராக்கிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். 20 விநாடிக் கோணம் திரும்பியிருந்தால் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் தப்பு. கணினியில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். சாக்கடைக் குழாய் போட்ட பிறகு தண்ணீர் எதிர்ப் பக்கம் ஓடும்போதுதான் தெரியவரும்.

இனி அளவுக்கு வருவோம். காலையில் முதல் வேலையாக, தெரிந்த ஒரு புள்ளியில் நின்று பாருங்கள். இடம் தெரிந்த டவுன் சர்வே மார்க்கோ, உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க்கோ, எதுவானாலும் சரி. கடைசியில் கிளம்பும்போதும் அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் குறிப்பேட்டில் எழுத வைத்துவிட்டால் நடுவில் எடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு சாட்சி கிடைக்கும். இப்போது முக்கால்வாசிப் பேர் நாட்டின் டிரிக்நெட் வலையமைப்பின் நிலையங்களிலிருந்து மொபைல் டேட்டா வழியே திருத்தம் வாங்கி ஜி.என்.எஸ்.எஸ் (செயற்கைக்கோள் வழி இடம் அளக்கும்) கருவியில் வேலை செய்கிறார்கள். வசதிதான். ஆனால் மின்வெட்டு நேரத்தில் பேட்டரி தீர்ந்து செல்போன் கோபுரம் படுத்தால் திருத்தமும் போய்விடும். கருவி ‘ஃபிக்ஸ்’ (துல்லிய நிலை) இழந்து ‘ஃப்ளோட்’ (தோராய நிலை) ஆகியிருக்கும், வேலையை முடிக்கும் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் பொத்தானை அமுக்கிக்கொண்டே போவார்கள். ஃபிக்ஸ் இல்லாத புள்ளியைச் சேமிக்கவே விடாதபடி கருவியில் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டு வையுங்கள். புலம்புவார்கள், பழகிவிடும்.

டர்பன்காரர்களுக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. அதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் அழுத்திச் சொல்வதில்லை. நம் நாட்டில் ஆயத்தொலைகள் இரண்டு பாகைக்கு ஒரு பட்டையாகப் போகின்றன, நமக்கு நடுக்கோடு கிழக்கு 31 பாகை. அதைத்தான் ‘எல்.ஓ 31’ என்கிறோம். எக்ஸ் தெற்கே கூடும், ஒய் மேற்கே கூடும். வெளிநாட்டு மென்பொருள் எல்லாம் கிழக்கும் வடக்கும் கூடுவதாக நினைத்துக்கொண்டு வருகிறது. அந்த 31 பாகைக் கோடு நம் ஊர் நடுவிலேயே போகிறது. சாட்ஸ்வொர்த், பைன்டவுன் பக்கம் ஒய் கூட்டல். டவுன், உம்ஷ்லாங்கா, வெருலம், டோங்காட் பக்கம் கழித்தல். சாட்ஸ்வொர்த்தில் குறி மாறிப்போனால் பிரச்சினை இல்லை. வீடு இந்தியப் பெருங்கடலில் மிதக்கும், எல்லோரும் பார்த்துச் சிரித்துவிட்டுச் சரிசெய்வார்கள். ஃபீனிக்ஸில்தான் ஆபத்து. கோடு ஊரை ஒட்டியே போவதால் ஒய் சில நூறு மீட்டர்தான் இருக்கும். குறி மாறினால் புள்ளி சில தெரு தள்ளி விழும், அங்கேயும் அதே மாதிரி வீடுகள், அதே மாதிரித் தெருக்கள். பார்வைக்குத் தப்பே தெரியாது. ஃபீனிக்ஸ் வேலை என்றால் ஒரு தெருமுனையையாவது விமானப் படத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் கோப்பைக் கைமாற்றாதீர்கள்.

பழைய வரைபடங்களில் இன்னொரு கண்ணி. 1999 ஜனவரி 1 முதல் ஹார்டிபீஸ்ட்ஹூக்94 அடிப்படைக்கு (ஆயத்தொலைகளைக் கணக்கிடும் ஆதாரத்துக்கு) நாடு மாறியது. அதற்கு முந்தைய தாள்கள் கேப் அடிப்படையில் இருக்கும். இரண்டுக்கும் ஏறத்தாழ 300 மீட்டர் வித்தியாசம், பெரும்பாலும் தெற்கு வடக்காக. நகராட்சியின் பழைய சாக்கடை வரைபடங்கள் பல இன்னும் கேப்பில்தான் கிடக்கின்றன, அதற்கும் முந்தையவை அடிக்கணக்கில். தாளின் மூலையில் எந்த அடிப்படை என்று எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் அந்தத் தாளில் உள்ள ஏதாவது ஒரு பழைய பெக்கையோ கட்டட மூலையையோ களத்தில் கண்டுபிடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். உயரமும் அப்படித்தான். செயற்கைக்கோள் தருகிற உயரம் நீள்கோளத்திலிருந்து (பூமிக்குக் கணக்கில் வைத்த உருவத்திலிருந்து), நம் பெஞ்ச்மார்க் கடல் மட்டத்திலிருந்து. டர்பனில் இரண்டும் 25 மீட்டருக்கு மேல் வேறுபடும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் ஜியாய்டு மாதிரி கருவியில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதற்கு, காலையில் பெஞ்ச்மார்க்கில் நின்று பார்ப்பதைவிட எளிய சோதனை இல்லை. குழாய் மட்டம், சாலை மட்டம் போன்றவற்றுக்கு எப்படியும் லெவல் கருவியையே எடுத்துப் போங்கள். ஜி.என்.எஸ்.எஸ் உயரத்தை நம்பிச் சரிவு கொடுக்க வேண்டாம்.

குறிப்பேட்டைப் பற்றி நான் கொஞ்சம் பழைய ஆள். எல்லாம் கருவிக்குள் பதிவாகிறதே, காகிதம் எதற்கு என்று இளசுகள் கேட்பார்கள். யார் கோல் பிடித்தார், கோல் உயரம் என்ன, பிரிசம் எது, பெக் எந்த நிலையில் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்பதெல்லாம் கருவிக்குள் பதிவாகாது. பிரிசம் மாறினாலே தூரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும், ஏனென்றால் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாறிலி. கோல் உயரத்தை நடுவில் மாற்றிவிட்டு எழுதாமல் விடுவது எல்லாக் குழுவிலும் நடக்கும் தப்பு. மாற்றும்போது வாய்விட்டுச் சத்தமாகச் சொல்ல வேண்டும், எழுதுகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் எழுதலாம். அன்றைய கோப்பு அன்றைக்கே அலுவலகக் கணினிக்குப் போக வேண்டும். கருவி இரவில் திருடு போகிற ஊர் இது.

இனி எல்லைக்கல். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். மேற்பார்வையாளர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

சட்டப்படி ஒரு மனையின் எல்லையை நிர்ணயிப்பது பதிவு பெற்ற தொழில்முறை நில அளவையாளரின் வேலை. 1997-ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டம் (8-ஆம் எண்) அதைச் சொல்கிறது. யார் எந்த வகையில் பதிவு செய்யலாம் என்பதை 2013-ஆம் ஆண்டின் ஜியோமேட்டிக்ஸ் தொழில் சட்டப்படி தென்னாப்பிரிக்க ஜியோமேட்டிக்ஸ் கவுன்சில் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் டெக்னீஷியனாகப் பதிவு செய்திருந்தால், சாலை, குழாய், கட்டுமானம், நிலத்தோற்ற அளவு எல்லாம் தாராளமாகச் செய்யலாம். எல்லை விஷயத்தில் மட்டும் உங்கள் பிரிவின் பொறுப்பு அளவையாளர் சொன்னபடி, அவர் பெயரில்தான். இது காகிதத்தில் எளிது. சாட்ஸ்வொர்த்தில் கஷ்டம்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த ஊர் 1960-களில், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தக் கட்டியது. ஒட்டு வீடுகள், சரிவான மனைகள், குடும்பம் பெருக அறைகள் பெருகின. பின்னால் ஒரு சமையலறை, பக்கத்தில் ஒரு கராஜ், முன்னால் முருகனுக்கு ஒரு கொடிக்கம்பம். பழைய இரும்பு பெக் இப்போது டைல்ஸுக்குக் கீழே கிடக்கிறது. நீங்கள் தெருவில் சாக்கடை வேலைக்காக டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் ஒரு ஆன்ட்டி டீயோடு வருவார். “எந்த ஊர் தம்பி, யார் வீட்டுப் பிள்ளை?” என்று விசாரிப்பார். நாயுடுவா, கவுண்டரா, பிள்ளையா என்று தெரிந்துகொள்வார், உங்கள் பெரியம்மாவை அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது மடக்கு உள்ளே போவதற்குள் கேட்பார்: “அந்தப் பக்கத்து ஆள் சுவர் நம்ம இடத்துலதானே இருக்கு? நீயே சொல்லு.”

உங்கள் வரைபடத்தில் அது தெளிவாகவே தெரியலாம். அப்போதும் வாயைத் திறக்காதீர்கள். டீ குடிக்கலாம். “நான் ரோட்டு வேலைக்கு வந்தேன் ஆன்ட்டி, எல்லை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உங்க எர்ஃப் (மனை) நம்பரை வைத்து சர்வேயர் ஜெனரல் ஆபீஸ் டயகிராமை எடுங்க, சந்தேகம் தீரலைன்னா லேண்ட் சர்வேயர் ஒருத்தரைக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிடுங்கள். நம் மாகாணத்துக்கு அந்த அலுவலகம் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது, வரைபடங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. நீங்கள் கை நீட்டிக் காட்டிய இடத்தை அன்றைக்குச் சாயங்காலமே ‘முனிசிபாலிட்டி ஆளே சொல்லிவிட்டான்’ என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வார்கள். சுவர் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றிருந்தால் 1969-ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டப்படி அதற்கே வேறு ஒரு வாதம் உண்டு. அது வக்கீல்கள் பேச்சு, கோல் வைத்திருப்பவர் பேச்சு இல்லை. இதைக் குழுவில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். உங்களிடம் பதில் கிடைக்காதவர் அடுத்துக் கோல் பிடித்திருக்கும் பாபாவிடம்தான் போவார்.

பெக்கைத் தேடும்போது இன்னொன்று. வரைபடம் ஒரு இடம் சொல்கிறது, தோண்டினால் பெக் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிக் கிடக்கிறது என்று வையுங்கள். அதைப் பிடுங்கி ‘சரியான’ இடத்தில் அடித்துவிடலாம் என்று கை அரிக்கும். கூடாது. அசையாமல் இருக்கும் மூலக் கல்லுக்குத் தாளில் உள்ள எண்ணைவிட மதிப்பு அதிகம். எல்லைக்கல்லை நகர்த்துவது சட்டப்படி குற்றமும்கூட. இருந்த இடத்தை அளந்து, நிமிர்ந்திருக்கிறதா சாய்ந்திருக்கிறதா, சுற்றி மண் கிளறப்பட்டதா என்று எழுதி, படம் எடுத்து அளவையாளரிடம் கொடுங்கள். ஒப்பந்ததாரர் ஜே.சி.பி-யை வைத்துப் பெக்கைப் பெயர்த்துவிட்டால் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். அவர் ஆளை விட்டுத் திருப்பி அடித்து வைக்க விடாதீர்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஒழுங்கின் அருமை நன்றாகத் தெரிந்தது. 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் மாகாணத்தில் நானூறுக்கு மேல் உயிர் போனது. சாலைகளும் பாலங்களும் போயின, டோங்காட்டில் மாசக் கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஓடையோரத்துப் பெக்குகள், சாலையோரத்து பெஞ்ச்மார்க்குகள் எல்லாம் மண்ணோடு போய்விட்டன. தெருவில் நின்ற பெஞ்ச்மார்க் போகவில்லை என்றாலும் நம்ப முடியாது, சரிவே இறங்கியிருக்கலாம். அந்த மாதிரி இடத்தில் ஒரே பெஞ்ச்மார்க்கை வைத்து மட்டம் கொண்டுபோகக் கூடாது. பாறையில் அல்லது பழைய பெரிய கட்டடத்தில் உள்ள இரண்டைப் பிடித்து, ஒன்றிலிருந்து தொடங்கி மற்றதில் முடித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வேலை.

பாதுகாப்பைப் பற்றிப் படிவங்கள் உங்களிடம் நிறைய இருக்கும். 1993-ஆம் ஆண்டின் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் மேற்பார்வையாளரைச் சும்மா விடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். படிவத்தில் வராதவற்றைச் சொல்கிறேன். நம் வேலையில் பாம்பைவிட நாய் அதிகம் கடிக்கும். கேட்டைத் தட்டி, ஆள் வந்து நாயைக் கட்டும் வரை யாரும் உள்ளே கால் வைக்க வேண்டாம். கரும்புக் காட்டில் கோடு வெட்டும்போது பஃப் ஆடர் நகராமல் படுத்திருக்கும், மிதித்தால்தான் தெரியும். காலுறைக் கவசம் போடாதவர் முன்னால் போகக் கூடாது. நம் வட்டாரத்தில் கறுப்பு மாம்பாவும் உண்டு. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. பக்கத்தில் எது என்று காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். மேன்ஹோலுக்குள் குழாயின் அடிமட்டம் எடுக்க யாரையும் இறக்காதீர்கள். வாயுச் சோதனை இல்லாமல் இறங்கிச் செத்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். மூடியைத் திறந்து மேலிருந்தே ஸ்டாஃபை இறக்கி அளந்துவிடலாம். சாலையில் கூம்புகளை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதற்கு நாட்டின் சாலைக் குறியீட்டுக் கையேட்டின் இரண்டாம் தொகுதியில் 13-ஆம் அத்தியாயம் இருக்கிறது. அதன் படங்களைப் பிரதி எடுத்து வண்டியில் ஒட்டி வையுங்கள், பேசுவதைவிட அது வேலை செய்யும்.

கருவித் திருட்டுக்குப் பயந்து சிலர் கருவியைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். துப்பாக்கி காட்டினால் கொடுத்துவிட வேண்டும். கருவிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. நீங்கள் இதைச் சொல்லாவிட்டால், கருவி போனால் தன் தலையில் விழும் என்று நினைத்து ஒருவர் உயிரை விடுவார்.

இனாண்டா தாண்டி, அல்லது தெற்கே மரபுத் தலைவர்களின் நிலத்துக்குப் போகும் வேலை வந்தால் வரிசை வேறு. அங்கே நிலம் பெரும்பாலும் இங்கோன்யாமா டிரஸ்ட் பேரில் இருக்கும், ஊர் நடப்பு இந்துனா (மரபுத் தலைவரின் கீழுள்ள ஊர்த் தலைவர்) கையில். வார்டு கவுன்சிலருக்குச் சொன்னால் போதும் என்று இறங்கிவிடக் கூடாது. முதலில் இந்துனாவைப் பார்த்து, என்ன அளக்கிறோம், எதற்கு, எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். அந்தப் பேச்சை உங்கள் மூத்த பாபா பேசட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், தொப்பியைக் கழற்றிவிட்டு. முக்காலியைத் தூக்கிக்கொண்டு யாரோ வந்தால் வீட்டை இடிக்க வருகிறார்கள் என்றுதான் நம் நாட்டில் ஜனங்கள் நினைப்பார்கள். குரூப் ஏரியாஸ் காலத்தில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் நம்மிலும் இருக்கின்றன, அந்தப் பயம் நமக்குப் புரியாததா?

இன்ஜினியர்கள். “சும்மா ஒரு லெவல் எடுத்துக் கொடுங்க, மத்தியானத்துக்குள்ள வேணும்” என்பார்கள். முடியாது என்று சொல்வது சண்டை. சரி என்று சொல்வது இன்னும் மோசம். எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். மண் எத்தனை லோடு வரும் என்று குத்துமதிப்பாகப் பார்க்கவா? அப்படியானால் ஐந்து சென்டிமீட்டர் முன்னே பின்னே போனாலும் ஒன்றும் ஆகாது, ஜி.என்.எஸ்.எஸ்-ஸில் மத்தியானத்துக்குள் கொடுக்கலாம். குழாய்ச் சரிவுக்கா? சில மில்லிமீட்டருக்குள் வேண்டும், பெஞ்ச்மார்க்கிலிருந்து லெவல் கொண்டுவந்து மூடிக் காட்ட (தெரிந்த உயரத்தில் முடித்துச் சரிபார்க்க) வேண்டும், நாளைக்குத்தான். கொடுக்கிற தாளிலேயே இந்த அளவு எதற்குப் பயன்படும், எந்த பெஞ்ச்மார்க், மூடும்போது எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். ‘தோராயம்’ என்று எழுதிய தாளை வைத்துக் குழாய் போட்டால் அது அவர் பாடு. எழுதாத தாள் உங்கள் பாடு. கொஞ்ச நாளில் அவர்களே கேட்கும்போதே எதற்கு என்று சொல்லிக் கேட்க ஆரம்பிப்பார்கள்.

அவசரத்தைக் குழுவிடம் அப்படியே கடத்தாதீர்கள். “இன்ஜினியர் கத்துகிறார், சீக்கிரம்” என்று நீங்கள் சொன்ன நாளில் கோலின் குமிழை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வேலை நேரம், விடுப்பு பற்றிச் சுருக்கமாக. 1997-ஆம் ஆண்டின் அடிப்படைப் பணி நிபந்தனைச் சட்டப்படி வாரம் 45 மணி நேரம் சாதாரண வேலைக்கு உச்சம், கூடுதல் வேலை ஒப்புக்கொண்டால் 10 மணி வரை. உங்கள் நகராட்சியின் ஒப்பந்தம் அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், அதைத்தான் பார்க்க வேண்டும். சம்வு, இமாட்டு என்ற இரண்டு நகராட்சி ஊழியர் சங்கத்தின் பிரதிநிதியும் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தகராறு வருவதற்கு முன்பே போய் ஒரு வணக்கம் சொல்லுங்கள். ஒருவர்மேல் நடவடிக்கை என்றால் கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள ஒழுங்கு விதிப்படிதான். கோபத்தில் வாயால் அனுப்பிவிட்டால் அது உங்கள்மேலேயே திரும்பும்.

விடுப்புப் பட்டியலை நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். ஜனவரியில் ஷெம்பே என்கிற ஸுலு கிறிஸ்தவ சபைக்காரர்கள் இன்ஹ்லாங்ககாசி மலைக்கு யாத்திரை நடப்பார்கள், அதை ஒட்டி நம் பையன்கள் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பார்கள். சில வருஷம் இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கும். தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை, அதற்கும் சொந்த விடுப்புதான் போட வேண்டும். நம்மவர் என்று காவடிக்குக் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறவருக்கு மறுத்தால், இத்தனை நேரம் நான் எழுதியதெல்லாம் வீண். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் பக்கம் எந்த வேலையும் வைக்காதீர்கள். கூட்டத்தில் முக்காலியை நிறுத்த இடம் இருக்காது.

கடைசியாகப் பக்கி. நீங்கள் ஓட்டாதீர்கள். ஓட்டுகிறவர் வேலை முடியும் வரை கருவிக்கும் வண்டிக்கும் பொறுப்பாக இருக்க வேண்டும். நீங்கள் ஒரு மேன்ஹோலிலிருந்து அடுத்ததற்கு நடந்துகொண்டிருப்பீர்கள், இரண்டும் சேர்ந்து வராது. குழுவில் லைசென்ஸ் உள்ள இரண்டு பேரை வாரம் மாற்றி ஓட்ட வையுங்கள், ஒருவரிடமே சாவி தங்கினால் அது ஒரு பதவியாகிவிடும். நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அன்றைய தாள்களைப் பாருங்கள். பின் இருக்கையில் நேற்றைய வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள், காதைத் திறந்து வையுங்கள். “அந்த மூணாவது பெக் ஆடுச்சே” என்கிற மாதிரிப் பேச்சு அங்கேதான் முதலில் வரும். அப்புறம், இரண்டு பேருடைய லைசென்ஸும் நகராட்சி வண்டி ஓட்டும் அனுமதியும் எந்தத் தேதியோடு முடிகின்றன என்று இந்தத் திங்கட்கிழமையே பார்த்துவிடுங்கள்.